டிசம்பருக்குள் தானம் போன கார்கள்

வருசம் முழுக்க ஒருத்தருக்கும் வராத தர்ம சிந்தனை டிசம்பர் கடைசியில மட்டும் முழு ஸ்காபரோவுக்கும் வந்திடும். அந்தச் சிந்தனையைக் கொக்கியில கொழுவி இழுத்துக்கொண்டு போறதுதான் தொண்ணூறுகளில என்ர தொழில்.

ஓடாத கார், ஓடி அலுத்த கார், வீட்டு வாசலில விட்டா அயலட்டைக்கு முன்னால வெக்கமா இருக்கிற கார், எல்லாத்தையும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் குடுக்கலாம். அவை அதை ஏலத்தில வித்து இல்லாத சனத்துக்குச் செலவழிப்பினம். குடுத்தவருக்கு ஒரு றிசீற்று வரும். அதைக் காட்டி ரக்ஸில, அதான் வருமான வரியில, கழிக்கலாம். ஆனா கார் அந்த வருசம் முடிய முதல் கைமாற வேணும். ஜனவரி பிறந்தாப் பிறகு குடுத்தா அது அடுத்த வருசத் தர்மம். அதால நத்தார், அதான் கிறிஸ்மஸ், முடிஞ்ச கையோட ரெலிபோன் அடிக்கத் தொடங்கும், நான் கார் இழுக்கிற ட்ரக்கை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்குவன். இழுத்த கார்களைக் கொண்டுவந்து நிப்பாட்டுற எங்கட யார்டுக்கு மனேஜர் மரியோ, இத்தாலிக்காரன். தமிழ் வீடெண்டா என்னைத்தான் அனுப்புவான். அங்க போனா ரீ குடிக்க வேணும், கதை கேக்க வேணும், தனக்கு உதுகளுக்கு நேரமில்லை எண்டு சொல்லுவான்.

இதை வாசிக்கிற உங்களில ஆராவது, விடியக் காலமை பற்றரி செத்த காருக்குப் பக்கத்தில நிண்டு, கை விறைச்சு, சொந்தக் கடவுளையும் அயல்வீட்டுக்காரன்ர கடவுளையும் சேத்துக் கூப்பிட்டிருந்தா என்ர பாடு விளங்கும். விளங்காதவை அந்தக் காலம் பஸ்ஸில போன புண்ணியவான்கள்.

இன்னொண்டையும் இப்பவே சொல்லிப்போடுறன். என்ர மனுசி பவானி அப்ப கொழும்பில, வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில, விசாவுக்குக் காத்துக்கொண்டு இருந்தவ. கலியாணம் முடிச்ச சூட்டோட நான் கடல் கடந்து ஸ்காபரோவுக்கு வெளிக்கிட்டு வந்தனான். பேந்து எல்லாம் ரெலிபோன் குடித்தனம்தான். நாள் முழுக்க ஊராற்ற கார்களை இழுக்கிற எனக்குச் சொந்தமா ஒரு கார் இல்லை. இழுக்கிறதுகளில ஒண்டை எடுக்கலாமெண்டா, யார்டில வேலை செய்யிறவை ஏலத்தில நிக்கக்கூடாது. எண்டாலும் ஒவ்வொரு காரையும் தூக்க முதல், ஓட்டுற பக்கமில்லை, மற்றப் பக்கத்து முன் சீற்றில ஒருக்கா ஏறி இருந்து பாப்பன். ஹீற்றர் காத்து காலுக்கு வருதோ, கண்ணாடியால குளிர் ஊருதோ எண்டு பாப்பன். பவானி வந்து இறங்கினா அவவை எப்பிடிப்பட்ட காரில கூட்டிக்கொண்டு வாறது எண்ட யோசினைதான், வேறென்ன? அவ பக்கத்தில இல்லாமல் மனம் அவவைச் சரியாத் தேடும். ஆம்பிளை உப்பிடிச் சொல்லலாமோ எண்டு கேளாதேங்கோ, தேடினா தேடினதுதான்.

பிள்ளையார் இறங்கமாட்டன் எண்டது

வெக்ஸ்போர்ட்டில ஒரு வீடு. கதவைத் திறந்த அன்ரிக்கு என்னைக் கண்டதும் முகம் சுருங்கிப்போச்சு. கார் இழுக்க வாறவனை ஒருத்தரும் வாயெல்லாம் பல்லா வரவேற்கிறதில்லை, அது எனக்குப் பழகிப்போச்சு. தாங்களே கூப்பிட்டுப்போட்டு, நான் ஏதோ களவெடுக்க வந்தவன் மாதிரிப் பாப்பினம். நான் சங்கிலியை எடுத்துக்கொண்டு குனிய, அன்ரி வீட்டுச் செருப்போட ஸ்நோவுக்குள்ள ஓடிவந்தா. டாஷ்போட்டில ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறாராம், அவரைக் கழட்டாமல் காரைக் குடுக்கேலாதாம். நியாயம்தானே. தானம் குடுக்கிறது காரை, கடவுளை இல்லையே.

பிரச்சினை என்னெண்டா, அந்தப் பிள்ளையாரை ஒட்டினது அங்கிள். அவர் பக்ரறியில இருந்து கொண்டுவந்த பசை. விமானத்துக்குப் போடுற பசை எண்டு பெருமையாச் சொன்னார். நான் ஆட்டிப் பாத்தன், அசையேல்லை. சுடுதண்ணி கொண்டுவந்தவை. மேசைக் கத்தி வந்திது. கடைசியாத் தலைமயிர் காயவைக்கிற மெசினுக்கு வீட்டுக்குள்ளயிருந்து நீள வயர் இழுத்து, அங்கிள் பிள்ளையாருக்குச் சூட்டுக் காத்துப் பிடிச்சார். அன்ரி பக்கத்தில நிண்டு "அப்பனே, குறை நினையாதை, குறை நினையாதை" எண்டு கன்னத்தில போட்டுக்கொண்டு நிண்டா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவன் நாயோட வந்தவர், நிண்டு பாத்துப்போட்டு நாயை மற்றப் பக்கத்தால கூட்டிக்கொண்டு போனார்.

ஒருமாதிரிப் பிள்ளையார் கழண்டு வந்தார். ஆனா காலடியில இருந்த எலி வரேல்லை. அது பசையோட பசையா டாஷ்போட்டிலயே நிண்டிட்டுது. எல்லாரும் எலியைப் பாத்துக்கொண்டு நிண்டம். அன்ரி பிள்ளையாரைச் சேலைத் தலைப்பால போத்திக்கொண்டு, மற்றக் கையால அந்தக் காரின்ர பொனற்றை ஒருக்காத் தடவினா. முதல் பிள்ளையை ஆஸ்பத்திரியால கொண்டுவந்தது அந்தக் காரிலதானாம். கண் கலங்கிப்போச்சு மனுசிக்கு. பேந்து மூக்கை உறிஞ்சிப்போட்டுச் சொன்னா: "பரவாயில்லைத் தம்பி, எலியை நீங்கள் கொண்டு போங்கோ. இவர் புதுக் காருக்கு நடந்து வரட்டும்."

அஜக்ஸில மார்கழி

மகேந்திரன் அண்ணை ஸ்காபரோவை விட்டுத் தள்ளி அஜக்ஸில வீடு வாங்கிப் போனவர். கணக்கில புலி எண்டு தன்னைத்தானே சொல்லுவார். அவற்ற திட்டம் இதுதான்: டிசம்பர் முடிய முதல் பழைய காரைத் தர்மத்துக்குக் குடுத்து றிசீற்றை எடுக்கிறது, அடுத்த நாளே போய்ப் புதுக் கார் எடுக்கிறது. நான் போகேக்கை வாசலில நிண்டு, எனக்கே ரக்ஸ் சட்டம் படிப்பிச்சார். கையெழுத்தும் வைச்சுத் தந்திட்டார். நான் முன் சில்லைத் தூக்கி ட்ரக்கில ஏத்திப்போட்டன்.

அந்த நேரம் பாத்து அவற்ற மனுசி கதவைத் திறந்து தலையை நீட்டினா. "இஞ்சேருங்கோ, இது மார்கழியெல்லே? மார்கழிக்குள்ள ஆரும் வாகனம் எடுப்பினமோ?"

அண்ணையின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். தை பிறக்கிற வரைக்கும் புதுக் கார் வீட்டுக்குள்ள வரேலாது. பழைய கார் என்ர கொக்கியில. அஜக்ஸில கார் இல்லாட்டி ஒரு போத்தில் பாலுக்கும் வழியில்லை, உங்களுக்குத் தெரியுந்தானே. "தம்பி, இதை இறக்கேலாதோ?" எண்டு கேட்டார். கையெழுத்து வைச்சாப் பிறகு அது தர்மத்தின்ர சொத்து அண்ணை, நான் இறக்கினா எனக்கு வேலை போகும் எண்டன். மனுசி யோசிச்சா. பேந்து ஒரு முடிவுக்கு வந்து, ரெண்டு பேரும் ஜாக்கெற்றைக் கொழுவிக்கொண்டு என்ர ட்ரக்கில முன்னுக்கு ஏறிச்சினம். கடைக்குப் போனம். அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தை பிறக்கிற வரைக்கும் போதுமான சாமான் எல்லாத்தையும் வாங்கி, பின்னால கொக்கியில தொங்கின தங்கட காரின்ர டிக்கிக்குள்ளயே அடுக்கிச்சினம். அந்தக் காரை நான் திரும்ப அவையின்ர வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தன். உப்பிடி ஒரு சவாரியை நான் அதுக்கு முந்தியும் செய்யேல்லை, பிந்தியும் செய்யேல்லை. மரியோவுக்கு இது இண்டைக்கும் தெரியாது.

சிரிக்காதேங்கோ. நானும் அதே குழியிலதான் கிடந்தன். அந்த மாசம்தான் பவானிக்கு விசா வந்தது. முப்பதாந் திகதி பின்னேரம் வந்து இறங்கிறா. கேட்ட சந்தோசத்தில நான் உடன கார் பாக்க வெளிக்கிட, ரெலிபோனில அவ கத்தினா. வாறதே மார்கழியில எண்டு தாய்க்குக் கவலையாம், அதுக்குள்ள வாகனமும் வாங்கி வைச்சிடாதேங்கோ எண்டு. வருசம் முழுக்க வாங்குவம் வாங்குவம் எண்டு இருந்த எனக்கு நல்லா வேணும். அதால மகேந்திரன் அண்ணையை நக்கலடிக்க எனக்கு வாய் வரேல்லை. கடைசி வெங்காயப் பையை இறக்கேக்கை அவற்ற மனுசிதான் சொன்னா: "கொண்டு போற கார் கடைசியா ஒரு மூட்டை அரிசியாவது கொண்டந்து தந்திட்டுது தம்பி. இனித் தை பிறக்கட்டும், பாப்பம்."

அஞ்சு பேரின்ர கார்

ஒரு அப்பாட்மென்ற் கட்டடத்தின்ர பாக்கிங். கார் ஒண்டு, ஆக்கள் அஞ்சு பேர். நான் ஏதோ பிரச்சினை எண்டு நினைச்சுக் கொஞ்சம் தள்ளித்தான் ட்ரக்கை நிப்பாட்டினன். பாத்தா, வந்த புதுசில ஒரே பேஸ்மென்ற்றில இருந்த பெடியள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கின காராம் அது. அதிலதான் அஞ்சு பேரும் லைசென்ஸ் எடுத்தவை, அதிலதான் வேலைக்குப் போனவை. பேந்து ஒவ்வொருத்தருக்கும் கலியாணம், ஒருத்தர் பிக்கரிங், ஒருத்தர் அஜக்ஸ், ஒருத்தர் வேற எங்கயோ. கார் மட்டும் கடைசி ஆளின்ர பாக்கிங்கில நிண்டு துருப்பிடிச்சுப்போச்சு. அதை வழியனுப்ப எண்டு எல்லாரும் வந்திருக்கினம், ஒருத்தர் பிளாஸ்கில ரீயும் கொண்டு.

நான் கொக்கியை மாட்ட வெளிக்கிட, அஞ்சு பேரும் காருக்குள்ள ஏறிச்சினம். முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு மூண்டு. முந்தி ஒல்லியா இருந்தவை இப்ப பெருத்துப்போனதால பின் சீற் கதவு பூட்டுப்படுகுதில்லையாம். ஒருத்தற்ற தொந்தியை மற்றவர் அமத்தி ஒருமாதிரிப் பூட்டிச்சினம். உள்ளுக்கு ஒரே சிரிப்பு. மூச்சுக்காத்துப் பட்டுக் கண்ணாடியெல்லாம் பனி மாதிரிப் புகார் பிடிச்சுப்போச்சு. நான் வெளியில நிண்டு குளிரில துள்ளிக்கொண்டு இருக்கிறன். ஒருக்கா ஹோர்ண் அடிச்சுப் பாத்திச்சினம், அது அடிச்சுது, அதுக்கும் கை தட்டிச்சினம். கனநேரம் பொறுத்துப் பாத்திட்டு நான் கண்ணாடியில தட்டினன்.

எல்லாரும் இறங்கிச்சினம். கார் தூக்குப்பட்டு வெளியால போகேக்கை மற்றவை கையைக் காட்டிச்சினம், ஒரு ஆள் மட்டும் ட்ரக்குக்குப் பக்கத்தில கொஞ்சத் தூரம் நடந்து வந்தார். நான் கண்ணாடியை இறக்கினன். அவர் என்னைப் பாக்காமல், பின்னால கொக்கியில வாற காரைப் பாத்துக்கொண்டு சொன்னார்: "வீடு வாங்கினாப் பிறகு உவங்களை நான் செத்த வீட்டிலதான் காணுறனான் அண்ணை. இண்டைக்குத்தான் ஒரு காரின்ர சாட்டில கண்டன்."

கதைக்கிற இடம்

பிக்கரிங்கில ஒரு தகப்பன். ரெண்டு வேலை, கண் ரெண்டும் நித்திரையில கிடக்கிற மனுசன். பழைய காரைக் குடுத்திட்டு, இனிமேல் தான் றெயினில போறது, பிள்ளையைப் பள்ளிக்கூட பஸ்ஸில அனுப்பிறது எண்டு முடிவு. நல்ல முடிவுதான். ஆனா மகள், பள்ளிக்கூடம் படிக்கிறவள், முன் சீற்றில ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டன் எண்டிட்டாள். தாய் வந்து கெஞ்சினா, தகப்பன் வெருட்டினார், நான் பல்லைக் காட்டினன். ஒண்டும் எடுபடேல்லை. காரில அப்பிடி என்ன ஆசையடி உனக்கு எண்டு தாய் கேட்டா. அவள் சீற் பெல்ட்டையும் இழுத்துக் கொழுவிக்கொண்டு நேரா முன்னுக்குப் பாத்துச் சொன்னாள்: "அப்பா என்னோட கதைக்கிறதே கார் ஓடேக்கை மட்டும்தான், ஓகே? வீட்டில ஹி ஜஸ்ற் ஸ்லீப்ஸ்."

சூசை அண்ணையின்ர முன் சீற்

நத்தாருக்கு ரெண்டு மூண்டு நாள் கழிச்சு, ஸ்காபரோவில ஒரு உயரமான கட்டடத்துக்குப் போனன். நிலத்துக்குக் கீழ பாக்கிங். அங்க நிண்ட காரைக் கண்டு நான் நம்பர் பிழையெண்டு நினைச்சன். கார் மினுங்குது. ஒரு கீறல் இல்லை. பக்கத்தில மொட்டைத்தலையோட ஒரு மனுசன், சூசை அண்ணை, மன்னார் ஆள். கண்ணாடியில செபமாலை தொங்குது. உது நல்ல காரெல்லோ அண்ணை, என்னத்துக்குக் குடுக்கிறியள் எண்டு கேட்டன். தனக்குத் தேவையில்லை எண்டார். வேலைக்கு அவர் பஸ்ஸிலதான் போறவராம்.

வழமை போல மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறப் போனன். முன் சீற்றில கடையில போட்டுக் குடுத்த பிளாஸ்ரிக் உறை அப்பிடியே கிடக்கு. மற்றச் சீற்றுகளின்ர உறையெல்லாம் கழட்டியாச்சு, இதை மட்டும் கழட்டேல்லை. நான் கையை வைக்க, "அதில இருக்காதையும் தம்பி" எண்டார், கொஞ்சம் சத்தமா. பேந்து தானே வெக்கப்பட்டு, கதையைச் சொன்னார். மனுசி வருவா எண்டு வாங்கின கார். அந்த உறையை அவதான் வந்து கிழிக்க வேணுமெண்டு விட்டு வைச்சவர். விசா கிடைச்சது. கொழும்பு வரைக்கும் வந்தவ. ரிக்கற் கையில இருக்கேக்கை மன்னாரில தாய் விழுந்திட்டா எண்டு கேள்விப்பட்டு, பிளேன் ஏறாமல் திரும்பிப் போயிட்டா. தாயைப் பாக்க வேற ஆளில்லை. விசாவின்ர திகதியும் முடிஞ்சுபோச்சு. இனி வரமாட்டா எண்டு அவர் முடிவெடுத்திட்டார். அதால காரையும் முடிவெடுத்திட்டார்.

ரெண்டு நாளில பவானி வாறா. ரிக்கற் கையில இருக்கிற மனுசியும் வராமல் விடலாம் எண்டு எனக்கு அதுவரைக்கும் தோன்றேல்லை. என்ர முகத்தைப் பாத்து அண்ணை என்னெண்டு கேட்டார். நானும் வாயை அடக்காமல் எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். முப்பதாந் திகதி வாறா, எனக்குக் கார் இல்லை, கூட இருக்கிற பெடியன் கூட்டிக்கொண்டு போறன் எண்டவன், இப்ப அவனுக்கு வேலையில ஷிப்ட் மாத்திப்போட்டாங்கள், கடைசியில ட்ரக்கிலதான் போவன் போல கிடக்கு எண்டு. சூசை அண்ணை கார்த் திறப்பை என்னட்டைத் தர நீட்டினவர், சாவியைத் திரும்பத் தன்ர பொக்கற்றுக்குள்ள போட்டார். இன்சூரன்ஸ் மாசக் கடைசி வரைக்கும் இருக்காம். "காரை நீர் முப்பத்தொராந் திகதி வந்து தூக்கும். முப்பதாந் திகதி நானே இதை ஓட்டிக்கொண்டு வாறன். எயர்போட்டில எந்த வாசலால வருவினம், எந்தத் தூணுக்குப் பக்கத்தில நிண்டா முதல் தெரியும் எண்டு எனக்குத்தான் தெரியும் தம்பி. ஞாயிறுகளில பூசை முடிய அங்க போய்ப் பழகி வைச்சனான்."

எயர்போட்டுக்குப் போன நாள்

சொன்ன மாதிரியே அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது. எந்த லேனில போனா நெருக்கமில்லை, எந்தப் பாக்கிங்கில நடை குறைவு, பெட்டி வர எவ்வளவு நேரம் செல்லும் எண்டு எல்லாம். என்னைத் தோளில பிடிச்சு ஒரு தூணுக்குப் பக்கத்தில நிப்பாட்டினார். தான் பின்னுக்குப் போய் நிண்டிட்டார். ஆக்கள் வரத் தொடங்கிச்சினம். ஒவ்வொரு சேலையும் பவானி மாதிரி இருக்கு, ஒண்டும் பவானி இல்லை. கொழும்பில ஆருக்கோ என்னவோ நடந்து அவவும் திரும்பிப் போயிட்டா எண்டே நான் முடிவெடுத்திட்டன். அப்ப அவ வந்தா. ஆள் மெலிஞ்சுபோனா. மெல்லிய சுவெற்றர் ஒண்டு, தள்ளுவண்டியில ரெண்டு பெட்டி. என்னைக் கண்டு நிண்டா. நானும் நிண்டன். இத்தனை வருசம் ரெலிபோனில என்னென்னமோ சொல்லிப் பழகினதெல்லாம் எங்க போச்சுதோ தெரியேல்லை. கிட்ட வந்து என்ர தலையைப் பாத்து, "என்னப்பா, தலைமயிரெல்லாம் எங்க?" எண்டா. நான் அழுதிட்டன். ஓம், அழுதிட்டன், என்ன இப்ப?

காருக்கு வந்தா, சூசை அண்ணை முன் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். "முன்னுக்கு இருங்கோ தங்கச்சி, ஹீற்றர் முன்னுக்குத்தான் நல்லா வரும்." கன வருசமாக் காத்திருந்த நான் பெட்டிகளோட பின்னுக்கு. என்ர மனுசியின்ர பின்னலைப் பாத்துக்கொண்டு வந்ததுதான் எனக்குக் கிடைச்ச பாக்கியம். அவ இருக்க பிளாஸ்ரிக் கிறீச்சிட்டுது. அவவுக்கு என்ன தெரியும்? "இதென்ன அண்ணை, குளிர்ந்துபோய்க் கிடக்கு. உதை இன்னும் கழட்டாமல் வைச்சிருக்கிறியள்?" எண்டு கேட்டா. சூசை அண்ணை ஸ்ரியறிங்கைப் பிடிச்சபடி ரோட்டையே பாத்துக்கொண்டிருந்தார். பேந்து மெதுவா, கழட்டுங்கோ தங்கச்சி எண்டார். பவானி ஒரு முனையைப் பிடிச்சு, சீற்றில எழும்பி எழும்பி, டர்ரெண்டு கிழிச்சு எடுத்து, சுருட்டிக் காலடியில போட்டா. அண்ணை கண்ணைத் துடைச்சது எனக்குப் பின்னுக்கிருந்து கண்ணாடியில தெரிஞ்சது.

கொஞ்சத் தூரம் போக, அக்கா எங்க அண்ணை எண்டு அவ அண்ணையின்ர மனுசியை விசாரிச்சா. ஒளிக்காமல் எல்லாத்தையும் சொன்னார். கொழும்பு வரைக்கும் வந்தது, தாய் விழுந்தது, திரும்பிப் போனது, விசா முடிஞ்சது. நான் பின்னுக்கிருந்து அவவின்ர தோளில சுரண்டினன், இனிக் கேளாதை எண்டு. அவ என்ர கையைத் தட்டிவிட்டா. விசா ஒருக்கா முடிஞ்சா அதோட முடிஞ்சுது எண்டு அண்ணை நினைச்சுக்கொண்டிருந்தவர். தன்ர லொட்ஜிலயே ஒரு அக்கா, உதே மாதிரித் தாய்க்கு வருத்தம் எண்டு நிண்டவ, திரும்ப எழுதிப் போட்டு ரெண்டாந்தரம் விசா எடுத்து வந்தவ எண்டு பவானி சொன்னா. ஆர் எவரெண்டு பேரும் சொன்னா. எங்கட வாசலில இறங்கேக்கை பவானி கதவைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு சொன்னா: "விசா முடிஞ்சா என்ன அண்ணை? அக்கா இருக்கிறாதானே. திரும்பப் போடுங்கோ!"

முப்பத்தொராந் திகதி

அடுத்த நாள் வருசக் கடைசி. யார்டில ரெலிபோன் ஓயேல்லை. பவானியை நித்திரையில விட்டிட்டு வந்த எனக்கு ஆரோடயும் எரிச்சல். மரியோ காலமையே சொல்லிப்போட்டான், அந்த மினுங்கிற கார் இண்டைக்கு வராட்டி என்ர தலையை எடுக்கிறனெண்டு. ஏலத்துக்கு அப்பிடி ஒரு கார் எங்களுக்கு எப்பவாவதுதான் கிடைக்கும். போற வழி முழுக்க எனக்குப் பெரிய மனக்கஷ்டம். என்ர மனுசியைக் கூட்டிக்கொண்டு வந்த காரை நானே கொக்கி போட்டு இழுக்க வேணும். வேலை எண்டா வேலைதானே, என்ன செய்யிறது?

பாக்கிங்குக்குள்ள போனா, சூசை அண்ணை முன் சீற்றின்ர பக்கத்தில முழங்காலில நிண்டு தூசி உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். புதுச் சீற்றுத் துணி, வடிவான நிறம். இத்தனை நாளும் பிளாஸ்ரிக்குக்குக் கீழ கிடந்ததால அவருக்கே அந்த நிறம் மறந்துபோச்சாம். எனக்குப் பிளாஸ்கில இருந்து ரீ ஊத்தித் தந்தார். காலமை கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தவராம். கொட்டாஞ்சேனையில இருக்கிற ஒரு சொந்தக்காரர் மன்னாருக்குச் செய்தி அனுப்புறன் எண்டவராம். மனுசியின்ர மறுமொழி வர எவ்வளவு காலம் செல்லுமோ தெரியாது, வாறன் எண்டு சொல்லுவாவோ அதுவும் தெரியாது எண்டார். தாய் பாவம், அதையும் யோசிக்க வேணும் எண்டார். சொல்லிப்போட்டு முன் கதவைத் திறந்து, கையால சீற்றை ஒருக்காத் தட்டிப் பாத்தார். அந்தத் தட்டில அவருக்கு எவ்வளவு ஆசை இருந்துதெண்டு எனக்கு நல்லாத் தெரியும், ஏனெண்டா நேற்று வரைக்கும் ஊராற்ற கார்களில உதைத்தான் நானும் செய்தனான்.

நான் ரீயைக் குடிச்சு முடிச்சன். இனி என்ன அண்ணை, தூக்கட்டோ எண்டு கேட்டன். கேக்க வேணுமெண்டு கேட்டது. கையெழுத்து வைக்கிற பேப்பரையும் நீட்டி, ரக்ஸ் கழிக்க இதுதான் கடைசி நாள் எண்டும் சொன்னன், அது என்ர கடமை. அவர் காரைப் பூட்டினார். திறப்பைப் பொக்கற்றுக்குள்ள போட்டார். "ரக்ஸ்காரன் வாற வருசமும் இருப்பான் தம்பி. கார் நிக்கட்டும்."

வருசக் கடைசியில தர்மம் செய்ய வெளிக்கிட்டு மனம் மாறிக் காரைத் தானே வைச்சுக்கொண்ட ஆளெண்டு அந்தத் தொழிலில நான் கண்டது சூசை அண்ணை ஒருத்தரைத்தான், அதுக்காக மரியோவிட்டை நான் வாங்கிக் கட்டின பேச்சை மட்டும் எந்த ரக்ஸிலயும் கழிக்க முடியேல்லை.